புரிதல் தொண்ணூற்றேழு

ஆவுடையப்பனின் நெற்றியில் ஒட்டியிருந்த புரிதல்மானி தொண்ணூற்றேழு காட்டியதும் வார்டு நர்ஸுகள் இருவரும் கைதட்டினார்கள். அந்த மருத்துவமனையில் அதுவரை யாரும் தொண்ணூறைத் தொட்டதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். புராஸ்டேட்டில் கட்டி. நான்கு கைகள் கொண்ட அறுவைக்கரம் என்ற இயந்திரம் அதை எடுக்கவேண்டும். புரிதல் சட்டம் வந்தபின் நோயாளியின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்கு எந்த அளவு புரிந்திருக்கிறது என்பதை மூளையிலிருந்தே அளந்தார்கள். வாயால் சொல்லும் பதிலைக் கருவி கண்டுகொள்ளாது.

மனைவி செல்லக்கனி பயந்துபோயிருந்ததால், தான் கற்றதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"நம்ம கிரேன் மாதிரிதான் கனி. மொதல்ல காத்தடிச்சு வயித்த உப்ப வைக்கும், கை ஆட எடம் வேணும்லா. பெறவு கேமராக் கை. அதுக்குப் பெறவு கத்திரிக் கை. நரம்பு ஓரம் வரும்போது வேகத்தக் கொறைக்கணும்."

"நரம்புல பட்டுட்டுன்னா?"

"ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போவும். எல்லாருக்கும் ஆவாது."

அடுத்த கட்டிலில் அதே கட்டியோடு சுடலைமாடன் படுத்திருந்தார். உப்பளத் தொழிலாளி. எத்தனை முறை விளக்கியும் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. ஆவுடையப்பன் அவருக்காக வருத்தப்பட்டார்.

அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியும் ஆவுடையப்பனுக்குச் சிறுநீர் நிற்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், நனைந்த கால்சட்டையோடு கிரேன் ஏணியில் இறங்கினார். கீழே நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை, சிரித்தான். மறுநாள் அவரைத் துறைமுகக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள்.

மருத்துவமனையில் சுடலைமாடனைப் பார்த்தபோது அவர் வெள்ளை வேட்டி கட்டி நன்றாக இருந்தார்.

"எனக்கு நரம்பு எடம் மாறிக் கெடந்துச்சாம் அண்ணாச்சி. டாக்டரு பாத்து மெசினை நிப்பாட்டிட்டாராம்."

"டாக்டர் உள்ள இருந்தாரா?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. ஒங்களுக்கு இல்லியா?"

ஆவுடையப்பன் நேராகப் புரிதல் அலுவலர் பெனிட்டாவின் அறைக்குப் போனார். அவள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"எண்பதுக்கு மேல வந்தா டாக்டர் உட்கார வேண்டியதில்ல சார். புரிஞ்சுக்கிட்டவங்க அவங்களே பொறுப்பு ஏத்துக்கிறாங்க. புரியாதவங்களுக்குத்தான் டாக்டர் பொறுப்பு."

"இதை எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீங்க படிச்ச தாள்ல கடைசிப் பக்கம். உங்களுக்கு விட்டுப்போன மூணு சதவீதம் அதுதான்." அவள் புன்னகைத்தாள். "ஆனா உங்க கிரேன் விளக்கம் பிரமாதம் சார். மனைவிக்கு நீங்க சொன்னது வார்டுல பதிவாகியிருந்துச்சு. இப்ப எல்லா நோயாளிக்கும் அதைத்தான் போடுறோம்."

அடுத்த வருடம் செல்லக்கனிக்குக் கருப்பையில் கட்டி வந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை, தள்ளிப்போட வழியில்லை. அவள் எண்பதைத் தாண்டிவிடக்கூடாதென்று ஆவுடையப்பன் பத்து நாள் அவளிடம் பொய்யாகச் சொன்னார். அது கிரேன் இல்லை, கத்தியே இல்லை, மருந்துப் புகையால் கட்டி கரைந்துவிடும் என்றார். அவளும் நம்பப் பார்த்தாள். சோதனையன்று எல்லாக் கேள்விக்கும், "எனக்குத் தெரியலம்மா" என்றே சொன்னாள்.

தொண்ணூற்றொன்று.

"டாக்டர், அவ ஆறாம் வகுப்பு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆவுடையப்பன் டாக்டர் இக்னேஷியஸின் கையைப் பிடித்தார்.

"கருவி பொய் சொல்லாது அண்ணாச்சி. இதுக்கு மேல நான் போய் உக்காந்தா அவங்க புரிதலை நான் மதிக்கலன்னு ஆயிரும். அது குத்தம்."

செல்லக்கனியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் டாக்டர் இரண்டு டீயுடன் வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.

"நான் உள்ள போயி எட்டு மாசம் ஆச்சு" என்றார் டாக்டர். "யாரும் எண்பதுக்குக் கீழ வர்றதில்ல. எல்லாருக்கும் புரிஞ்சிருது."

ஆவுடையப்பன் டீயைத் தொடவில்லை.

கதவின் மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. இயந்திரத்தால் முடியவில்லை, ஆள் வேண்டும் என்று அர்த்தம். டாக்டர் எழுந்து விரைந்தார். கதவருகே நின்றார். தன் விரல்களைப் பார்த்தார். திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, சிக்கிக்கிட்ட கத்திரிக் கையை வெளிய எடுக்கணும்னா மொதல்ல எந்தப் பூட்டைத் திறக்கணும்? நீங்க படிச்ச தாள்ல இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"தோள் பூட்டு. பெறவு மணிக்கட்டு. மாத்தித் தொறந்தா கத்திரி விரிஞ்சிரும்" என்றார் ஆவுடையப்பன். "நானும் உள்ள வாரேன் டாக்டர். எடுத்துக் குடுத்திருதேன்."

"நோயாளிக்கு வேண்டியவங்களை உள்ள விடக்கூடாதே அண்ணாச்சி."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே டாக்டர் எந்தப் பூட்டை முதலில் திறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. எண்பதுக்கு மேல் வந்தவர்களின் அறுவையைப் பதிவு செய்வதில்லை. நாலு மணிக்குச் செல்லக்கனி இறந்துபோனாள். சான்றிதழில் இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில், நோயாளிக்குத் தெரிந்ததே என்று அச்சாகியிருந்தது.