இழவுக் கட்டணம்

காலையில் பல் தேய்த்ததும் சண்முகவடிவு ஓர் அசட்டை மாத்திரையை விழுங்கினாள். அது வேலை செய்யும்வரை அண்ணனை நினைக்கக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தளர்த்தி, உதட்டைச் சற்றே தொங்கவிட்டு, பூமி என்று ஒரு கோள் இருப்பதையே மறந்தவள்போல் பழகிக்கொண்டாள். கண் மந்தமானதும் சுவரில் கட்டணப் பலகையைத் திறந்தாள்.

சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் இருந்த குடியிருப்பில் எல்லாரும் இப்படித்தான் கப்பல் டிக்கெட் தேடினார்கள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஓர் உளச்சில்லு பதித்திருந்தது. முதலில் அதை வைத்தது உடம்பைக் கவனிக்கத்தான். பிறகு கப்பல் நிறுவனங்கள் அதைப் படித்துப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டன. போக வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு ஏறுகிறதோ, கட்டணமும் அவ்வளவு ஏறும். சும்மா ஊர்சுற்றப் போகிறவனுக்கு ஒரு விலை, மகள் பிரசவத்துக்குப் போகிறவளுக்கு அதைப்போல் நாலு மடங்கு. ஆகவே பூமிக்காக ஏங்கிக் கிடந்த அத்தனை பேரும் தினம் காலையில் பூமியைப் பற்றி ஓர் அக்கறையும் இல்லாத மூஞ்சியோடு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். பார்க்கவே குமட்டும்.

அன்றைக்கும் மாத்திரை பாதிதான் வேலை செய்தது. அண்ணனின் இருமல் நினைவுக்கு வந்தது. பலகையில் இருந்த எண் துள்ளி மேலே போனது.

பூமிக்கு நேர்க்கப்பல் கிடையாது. ஒரு காலத்தில் ஓடியது. இடையில் இறங்கி ஏறும் இடங்களில்தான் லாபம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இப்போது சீரிஸ் குறுங்கோளில் இறங்கி, செவ்வாயின் துணைக்கோள் போபோஸில் இறங்கி, நிலாவில் இறங்கித்தான் போய்ச் சேர வேண்டும். சீரிஸில் மூச்சுக்காற்றை விற்றார்கள், போபோஸில் உட்கார இடத்தை விற்றார்கள், நிலாவில் கழிப்பறையை விற்றார்கள். இத்தனையும் கொடுத்துப் போகிற வசதி, ஆலையில் மூத்திரத்தைக் குடிநீராக மாற்றும் வடிவுக்கு இல்லை.

அண்ணன் கோமதிநாயகம் பூமியில், சொந்த ஊரான முக்காணியில் தனியாக இருந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. நுரையீரல் கெட்டுவிட்டது என்றும், மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்றும் மருத்துவர் செய்தி அனுப்பியிருந்தார். வடிவைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போன ஆள் அவர். அந்த முகத்தை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பலகையை மூடிவிட்டு, சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியே கடை போட்டிருந்த பயண முகவர் ஜெபமணியிடம் போனாள்.

"யாருக்கு முடியல?" என்றார் ஜெபமணி.

"அண்ணனுக்கு."

"இருக்காரா?"

"இருக்காரு."

ஜெபமணி உச்சுக்கொட்டினார். "அடடா. போயிருந்தாருன்னா சல்லிசா முடிச்சிரலாமே."

வடிவு எழுந்துவிட்டாள். அவர் கையமர்த்தி உட்கார வைத்தார்.

"கோவப்படாதீங்கம்மா. சட்டம் அப்படி. நெருங்கின சொந்தக்காரங்க செத்தா இழவுக் கட்டணம்னு ஒண்ணு உண்டு. போக வர, பத்துல ஒரு பங்குதான். உங்க தவிப்பு எவ்வளவு ஏறினாலும் அது ஏறாது. சீக்கா இருக்கிறவங்களப் பாக்கப் போறதுக்குத்தான் சலுகை கிடையாது. அது உல்லாசப் பயணத்துல சேர்த்தி."

"உல்லாசப் பயணமா?"

"செத்தா கடமை. உயிரோட இருந்தா ஆசைதானே? ஆசைக்கு எவன் சலுகை குடுப்பான்?" குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பிழைக்க மாட்டாங்கன்னு மருத்துவர் சொன்ன ஆளு, தன் சாவைத் தானே முன்பதிவு பண்ணிக்கலாம். கைரேகை வச்சாப் போதும், அந்த நிமிசத்துல இருந்து சலுகை ஓடும். ஒரே நிபந்தனை. அடுத்த பௌர்ணமிக்குள்ள பாடை சுடுகாட்டு வாசலைத் தாண்டணும். பாடை தாண்டி, நீங்க கூட நின்னு அழுதாத்தான் உங்க திரும்புற டிக்கெட் செல்லும்."

இதை எந்த வாயால் அண்ணனிடம் கேட்பது? கேட்டாள். டைட்டனிலிருந்து ஒரு பேச்சு பூமிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பதில் வர அதே அளவு. அவ்வளவு நேரமும் வடிவு தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதிலில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பானது.

"ஏ பிள்ள, இதுக்கா இப்பிடித் திக்கித் திணறிக் கேக்க? நான் செத்து அரை மணி நேரம் ஆச்சு. கைரேகை வச்சிட்டேன். அழாம வந்து சேரு. வரும்போது அந்த ஊரு ஊறுகாய் எதையும் தூக்கிட்டு வராத."

வடிவுக்கு ஒன்று தெரியாது. முன்பதிவு ஆனதுமே நிறுவனத்தின் இரத்தப் பதிவேடு, சூரியனைச் சுற்றி எங்கெங்கோ கிடந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டது. ‘ஆழ்ந்த அனுதாபங்கள். உங்களுக்கான சலுகை தயார்.’

சீரிஸில் அவளுக்கு அது தெரிய வந்தது. மலிவு டிக்கெட்காரர்களை அங்கே இருக்கைகளில் உட்கார வைப்பதில்லை. உறைகளில் போட்டு, கசாப்புக் கடையில்போல வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ விட்ட மூச்சைத்தான் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். அதில் வெங்காய வாடையும் வாந்தி வாடையும் கலந்திருந்தன. பக்கத்து உறையிலிருந்து ஒரு தலை நீண்டது.

"வடிவா? அட, நம்ம வடிவு!" சித்தப்பா மகன் பொன்னுலிங்கம். சீரிஸ் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். அவனுக்கு அப்பால் அவன் மனைவி பாக்கியம் தொங்கினாள். "பாவம் அண்ணன். என்ன மாதிரி மனுசன்! ஆமா, எப்போ எடுக்காக?"

பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவன் கேட்ட முதல் கேள்வி.

"அண்ணன் இன்னும் இருக்காக," என்றாள் வடிவு.

"இருக்காகன்னா?"

"உசுரோட. நான் பாக்கணும்னுதான் பதிஞ்சோம்."

பொன்னுலிங்கம் அங்குமிங்கும் பார்த்தான். "சத்தமாச் சொல்லாத, டிக்கெட்டுக்குக் கேடு." பிறகு கவலையோடு, "பௌர்ணமிக்குள்ள ஆயிரும்லா?"

"பௌர்ணமி வரைக்கும் இழுத்தாலும் நல்லதுதான்," என்றாள் பாக்கியம். "எனக்குப் பூமியில பல்லு கட்டணும். இங்க கட்டுனா சொத்தை வித்தாத்தான் முடியும்."

வடிவு உறையின் வாயை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே நாறியது. ஆனாலும் வெளியைவிட அது தேவலை.

முக்காணி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பந்தல், நாற்காலி, சங்கு ஊதும் இயந்திரம் எல்லாமே சலுகையோடு சேர்ந்து வந்தவை. நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் ஆட்கள் மாலையும் கோடித்துணியுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் நடுவில், துவைத்த சட்டை போட்டு, மூக்கில் காற்றுக்குழாயோடு கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. நான்தான் செத்தது," என்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். மாலையை வாங்கித் தானே போட்டுக்கொண்டார்.

வடிவைக் கண்டதும் நாற்காலியைவிட்டு எழுந்தார். அவள் கன்னத்தைத் தொட்டு, "என்ன பிள்ள, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணனுக்கு உடம்பு தேறியது. வீடு நிறைய ஆள், ஓயாத பேச்சு, தங்கை கையால் மீன்குழம்பு. முதலில் அரைத்தட்டுச் சோறு, அப்புறம் முழுத்தட்டு, அப்புறம் இன்னும் கொஞ்சம் குழம்பு. மூக்குக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். அவர் முகம் தெளியத் தெளிய, பந்தலில் இருந்த முகங்கள் வாடின. நாடி பார்த்துவிட்டு "ஆச்சரியம்" என்று சிரித்த மருத்துவரிடம் நிலாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பாய்ந்தார்: "என்னவே வைத்தியம் பாக்கீரு நீரு? ஒரு வாக்குச் சொன்னா அதுல நிக்க வேண்டாமா?"

முதலில் கொல்லைப்புறத்தில் கிசுகிசுத்தார்கள். பிறகு பந்தலிலேயே பேசினார்கள். கடைசியில் அவர் காதுபடவே கேட்க ஆரம்பித்தார்கள்: எப்போ எடுக்காக? அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வரும் வழியில் ஒருத்தி வாய்விட்டே சொன்னாள், "இந்த மனுசனுக்கு அடுத்தவங்க கஷ்டமே தெரியாதா?" வடிவு கையிலிருந்த குழம்புச் சட்டியை அவள் தலையில் கவிழ்த்திருப்பாள். அண்ணன் கண்ணால் தடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் வடிவிடம், "உனக்கும் அதே தேதிதானா?" என்று கேட்டார்.

"எனக்கு வேற டிக்கெட்."

"பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவ. இன்னும் அந்தப் பழக்கம் போகல."

பௌர்ணமி நெருங்கியதும் பொன்னுலிங்கம் வழி கண்டுபிடித்தான். பாடை வாசலைத் தாண்ட வேண்டும் என்றுதானே நிபந்தனை? பாடையில் இருப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கே சொல்லியிருக்கிறது? சுடுகாட்டு வாசலில் நிற்கும் இயந்திரம் பாடையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும். கூட வந்த ஒவ்வொருவரின் துயரத்தையும் உளச்சில்லில் அளக்கும். அவ்வளவுதான். பாடை தாண்டி, துயரமும் போதுமானால் அவரவர் டிக்கெட் செல்லும்.

"அண்ணே, சும்மா கொஞ்ச நேரம் படுத்தாப் போதும்," என்று கெஞ்சினான்.

"படுக்கேன்ல. யாரு யாரு எப்பிடி அழுதாகன்னு கேக்கக் குடுத்து வச்சவன் எத்தனை பேரு?"

மறுநாள் காலையில் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடையில் படுக்க வைத்தார்கள். சங்கு ஊதியது. நாலு பேர் தூக்கினார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவது ஒரு காலத்தில் வழக்கமில்லையாம். டிக்கெட் என்று வந்ததும் அந்த வழக்கம் ஓடிவிட்டது. எல்லாரும் போனார்கள்.

வாசலில் வைத்து அழுகை தொடங்கியது. வடிவு தன் வாழ்நாளில் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. பொன்னுலிங்கம் மண்ணில் விழுந்து புரண்டான். நிலாக்காரப் பெரியவர் தூணில் முட்டிக்கொண்டார். பாக்கியம் மார்பில் அறைந்துகொண்டு, "எங்கள விட்டுப் போயிட்டீகளே!" என்று அலறினாள். கண்ணீர் உண்மையான கண்ணீர். டிக்கெட் செல்லாமல் போனால் என்ன கதி என்ற பயத்தில் நெஞ்சு கிழிந்து வந்தது. துயரம் எதற்காக என்று இயந்திரத்துக்குத் தெரியாது, எவ்வளவு என்றுதான் தெரியும். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பச்சை விளக்கு எரிந்தது.

வடிவின் முறை வந்தது. பாடை அருகில் போய் நின்றாள். அழத்தான் நினைத்தாள். அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"ஏ பிள்ள," என்றார் மெதுவாக. "பாக்கியத்துப் புதுப் பல்லு. வாயைத் தெறக்கும்போது சூரியன் உதிக்கிற மாதிரி இருக்கு, பாத்தியா?"

வடிவு சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"துயரம் போதவில்லை," என்றது இயந்திரம். "மீண்டும் முயலவும்."

முயன்றாள். முடியவில்லை. உயிரோடு கண் சிமிட்டுகிற அண்ணனைப் பார்த்துக்கொண்டு எப்படி அழுவது?

அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்ற பழைய முறையை அன்று அத்தனை பேரும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். பாடை தூக்கிய நாலு பேரும் அதை வாசலுக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டு, கப்பல் துறைக்குப் போகும் வண்டியில் முதல் ஆளாக ஏறினார்கள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "எல்லாரும் போயிட்டாகளா?"

"போயிட்டாக."

"ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கக் கூடாதாம்லா."

அவர் கழுத்து மாலையைக் கழற்றிப் பாடையின் மேல் வைத்தார். "உன் டிக்கெட்டு?"

"நீங்கதான் சிரிக்க வச்சுக் கெடுத்துட்டீகளே."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். டைட்டனில் வடிவின் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது.

அந்த மழைக்காலம் தாண்டியது. அதற்கு அடுத்ததும் தாண்டியது. மூன்றாவது மழை தொடங்கிய சமயம், ஒரு காலை வேளையில், காப்பி கேட்டுவிட்டு அது வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வடிவு நின்றாள். அவள் காதுக்குப் பின்னால் இருந்த சில்லு அலறியது: "மிக உயர்ந்த துயரம் பதிவாகியுள்ளது. மன்னிக்கவும். இந்த மரணத்துக்கான சலுகை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது."

அவள் தானே சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். சீரிஸிலிருந்து பொன்னுலிங்கத்தின் பதில் வந்தது: "அதான் வந்துட்டுப் போனோமே." மற்றவர்களிடமிருந்து அதுவும் வரவில்லை.

தூக்க நாலு பேர் இல்லாததால் வாடகைக்கு ஓர் இயந்திரத்தை வரவழைத்தாள். நாலு கைகளோடு வாசலில் வந்து நின்ற அது, காலம்காலமாக இழவு வீடுகளில் கேட்டுப் பழகிய கேள்வியைத் தானும் கேட்டது.

"எப்போது எடுக்கிறீர்கள்?"

"இரு," என்றாள் வடிவு. "அவசரமா ஊருக்குப் போறவங்க இங்க யாரும் இல்ல."

எந்த வீட்டிலும் அதற்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. நாலு கைகளையும் மடக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி அது காத்து நின்றது.