உரித்த பெயர்கள்

ஆக்னஸ் தன் நிரலுக்குள் வைத்திருந்தவை இருபத்து மூன்று பெயர்கள். உரித்தெடுத்ததாக டெலிபிரிண்டர் அடித்துத் தந்த தாளில் இருபத்து நான்கு இருந்தன.

1978. தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்தச் சரக்கை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று வகுக்கும் அந்த நிரல், கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்டது. உள்ளே இருக்கும் பெயர்கள் மனிதர் படித்துப் புரிந்துகொள்வதற்குத்தான். உரித்து எறிந்தாலும் நிரல் ஓடும். ஜன்னலில்லாத குளிரறையில், சூடேறிய கம்பியும் எண்ணெயும் கலந்த வாடைக்கு நடுவே, காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இருபத்து நான்காவது பெயர் சிவனாண்டி. கப்பல்கள் அணையும் இரண்டாவது ஜெட்டியில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். பேத்தி பிறந்ததென்று காலையில் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனவர்.

பொறியைக் கவனித்துக்கொள்ளும் கிருபை அண்ணனிடம் கேட்டாள். தான் எதையும் தொடவில்லை என்றார் அவர்.

வெளியே சங்கு ஊதியது. போன் அடித்தது. ஜெட்டி மேஸ்திரி பேசினார்.

"பக்கத்து வின்ச்சு வயர் அறுந்து சிவனாண்டி முகத்தச் சீவிட்டுப் போயிருச்சும்மா. முகமே இல்ல. ஆனா எறங்க மாட்டேங்காரு. மூட்டைய ஏத்திட்டே இருக்காரு."

அவள் போனை வைக்கும் முன்பே டெலிபிரிண்டர் தானாக அடிக்கத் தொடங்கியது. ஒவ்வோர் எழுத்தாக.

கே. ஐ. ஆர்.

கிருபை அண்ணன் பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினார். விசிறிகள் அடங்கின. விளக்குகள் அணைந்தன. வாசல் கண்ணாடி வழியாக வந்த வெயிலில், நிரல் பதிந்த, துளையிட்ட காகித நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது உருளையைவிட்டு எழும்பி அவர் தலையைச் சுற்றியது. இறுகியது. காகிதம் அறுக்கும் சத்தம். பிறகு சதை கிழியும் சத்தம். அவள் நாடாவைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல்களும் அறுபட்டன. சூடான ரத்தம் அவள் வாயில் தெறித்தது.

நாடா நின்றது. நனைந்து தொங்கியது. நெற்றியிலிருந்து தாடைவரை அவரிடம் ஒன்றுமில்லை. சிவப்பு மட்டும்.

அவரைக் கூப்பிட வாய் திறந்தாள். பெயர் வரவில்லை. பத்து வருடமாகக் கூப்பிட்ட பெயர்.

அவர் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த நாடாவை எடுத்துப் பொறியில் கோத்தார். சொட்டும் ரத்தத்தில் வழுக்காமல், ஒரு பிழையும் இல்லாமல், அவர் விரல்கள் வேலையைத் தொடர்ந்தன.