அக்காவின் கைகள் நின்றுவிடக் கூடாது

அந்தத் தகர டப்பாவின் மேல் இருந்தது கப்பல் படமா, குதிரைப் படமா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கப்பல் என்றே வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் நடந்தபடிதான் சொல்கிறேன். எங்காவது கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால், அது இந்தக் கதையில் வரும் அப்பாவைப் பற்றிய இடமாகத்தான் இருக்கும்.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் அவருடைய தையல் மெஷின். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தார். எதையும் துருவித் துருவிக் கேட்கும் சின்ன மகளுக்கு வீட்டில் துருவி என்று பெயர். அவளுடைய அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கைகளால் பேசுவார்கள். சண்டைகூடக் கைகளால்தான். அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவார்கள். அவள் உடனே திரும்பிப் பார்ப்பாள்.

அன்று மாலை அக்காவுக்கு ஒரு பேட்டி இருந்தது. தூரத்து நகரத்தில் ஓவியப் பள்ளி. ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அங்கே கையால் பேசத் தெரிந்த ஆசிரியை ஒருவர் கணினித் திரை வழியாக அவளோடு பேசுவார்.

காலையில் அக்கா ஒரு தோழியோடு பேசிப் பழகிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தோழியிடமிருந்து செய்தி வந்தது: “உன் கை அந்தரத்துல நிக்குது. பாதிப் பேச்சு வந்து சேரல.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நின்றால் மற்றவர்களுக்குக் குரலாவது கேட்கும். அக்காவுக்குப் படம்தான் குரல். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா இணைய கம்பெனிக்குப் போன் போட்டார்.

“மோடம் எவ்வளவு பழசு சார்?”

“என் சின்னப் பொண்ணுக்குப் பல்லு முளைச்சப்போ வாங்கினது.”

“அப்பாடி! அதை மாத்திடுங்க சார். புதுசு அடுத்த வாரம் வந்துடும்.”

“பேட்டி இன்னைக்கு சார்! நீங்க அடுத்த வாரம் சொல்றீங்களே?”

போனை வைத்துவிட்டு, அப்பா தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். அலமாரி மேலிருந்த கப்பல் டப்பாவைத் திறந்தார். மோடம் அதற்குள்தான் இருந்தது. வயரைப் பிடுங்கினார். மறுபடி செருகினார். மோடத்தின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

திரையில் தோழி பளிச்சென்று தெரிந்தாள். அக்காவின் கைகள் ஓட ஆரம்பித்தன.

“பாத்தியா? அப்பா கை பட்டாலே போதும்!” என்று சொல்லி அப்பா டப்பாவை மூடினார். தோழி வாயைத் திறந்தபடி சிலையாகிவிட்டாள்.

“கண்ணு பட்டுடுச்சு போல” என்றார் அப்பா.

துருவி ஸ்டூலில் ஏறி, வயரைத் தொடாமல் டப்பாவை மட்டும் திறந்தாள். தோழி அசைந்தாள். மூடினாள். தோழி சிலை. திறந்தாள். தோழி அசைந்தாள்.

“அப்பா, லிஃப்டுக்குள்ள போனா அம்மா போன் ஏன் கட்டாகுது?”

“சுத்தி இரும்பு. சிக்னல் எப்படி வெளிய வரும்?”

“இந்த டப்பா?”

அப்பா டப்பாவைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “வருஷக்கணக்கா அதைச் சிறையில போட்டுட்டு, ஓடு ஓடுன்னு விரட்டியிருக்கேனே!”

மோடத்தை டப்பாவில் வைத்ததே அக்காவுக்காகத்தான். முன்பு அது வெளியேதான் இருந்தது. அதன் பச்சை விளக்குகள் மினுக்கும்போதெல்லாம், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அக்கா திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதனால் அப்பா தன் பொத்தான் டப்பாவைக் காலி செய்து, ஓட்டை போட்டு, மோடத்தை உள்ளே வைத்துவிட்டார்.

இப்போது வெளியே எடுத்து வைத்ததும் பழைய கதைதான். பேசிக்கொண்டிருந்த அக்காவின் கண் பாதியில் மூலைக்கு ஓடியது.

“பரவாயில்லை, சமாளிச்சுக்கிறேன்” என்று அக்கா கையால் சொன்னாள். சொல்லும்போதே இரண்டு தரம் திரும்பினாள்.

“கிழிச்ச! டீச்சரைப் பாக்காம மோடத்துக்குப் பேட்டி கொடுப்பே” என்று துருவியும் கையால் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டாள்.

வேறு அறைக்கு மாற்ற வழியில்லை. வயர் அவ்வளவுதான் நீளும். துருவி முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். டப்பாவிலிருந்து வெளியேற்றப்பட்ட பொத்தான்கள் ஒரு துணிப்பையில் கிடந்தன.

“அப்பா, கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் எத்தனை இருக்கு?”

அப்பா பசை தடவிக் கொடுக்கக் கொடுக்க, துருவி ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒரு கறுப்புப் பொத்தானை ஒட்டினாள். கடைசி விளக்குக்குக் கறுப்பு தீர்ந்துவிட்டதால் சிவப்பு. மோடம் கோட்டு போட்ட கனவான்போல ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஒரு மினுக்கல்கூட வெளியே தெரியவில்லை.

மாலையில் பேட்டி தொடங்கியது. ஆசிரியை கேட்கக் கேட்க, அக்காவின் கைகள் பறவைபோல எழுந்தன, இறங்கின. படம் எங்கேயும் நிற்கவில்லை.

அப்போதுதான் வேலை முடிந்து அம்மா உள்ளே வந்தார். அக்காவைக் கூப்பிட, வழக்கம்போல விளக்கு ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். துருவி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி!”

“உஷ்! அக்கா பேசிட்டிருக்கா.”

அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் எத்தனையோ பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்கா தன் ஓவியங்களைக் காட்டினாள். ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயரே தூக்கி, விரல்களை விரித்து, படபடவென்று அசைத்தார். கையால் பேசுகிறவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

“இடம் உனக்குத்தான்” என்று அந்தக் கைகள் சொன்னதும், இந்தப் பக்கம் எட்டுக் கைகள் காற்றில் படபடத்தன. அப்பாவின் கையில் பசை இன்னும் காயவில்லை. ஒரு பொத்தான் அதில் ஒட்டிக்கொண்டு ஆடியது.

அக்கா அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். அப்பா இன்னும் தைக்கிறார். பொத்தான்கள் கப்பல் டப்பாவுக்கே திரும்பிவிட்டன. அம்மா இப்போதெல்லாம் ஸ்விட்சைத் தொடுமுன் எட்டிப் பார்க்கிறார். புது மோடம் வேண்டுமா என்று கேட்டு கம்பெனிக்காரர் போன் செய்தபோது, “வேண்டாம் சார், இதுக்கு இப்பத்தான் கோட்டு தைச்சுப் போட்டிருக்கோம்” என்றார் அப்பா. துருவி தினமும் அக்காவோடு திரை வழியாகக் கையால் சண்டை போடுகிறாள். படம் ஒரு தடவைகூட நிற்பதில்லை.