மூன்றாவது கோடு கோணல்

“மாமாவால சமையலறை வாசலைத் தாண்ட முடியாது. ஆனா பெரிய ரோட்டை ஒரே மூச்சுல தாண்டுவார். எதிர்ல லாரி வந்தா, லாரிதான் சலாம் போட்டு நிக்கும்!”

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் இப்படிச் சொன்னவள் டமாரம். ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு வேறு பெயரும் உண்டு. அது பள்ளிப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயில் விழுந்தால் தூறல் வெள்ளமாகிவிடும். பூனை புலியாகிவிடும். அந்தப் புலிக்கு இரண்டு வாலும் முளைத்துவிடும்.

அதனால் அம்மா நம்பவில்லை. “ஆமா, போன வாரம் நம்ம மொட்டை மாடியில விமானம் இறங்குச்சுன்னும் சொன்னே.”

“அது சின்ன விமானம்மா.”

“காகித விமானம்!”

ஆனால் இந்தத் தடவை டமாரம் சொன்னதில், லாரி சலாம் போட்டது மட்டும்தான் புளுகு. மற்றதெல்லாம் அப்பட்டமான உண்மை.

மாமா, அம்மாவின் தம்பி. சாலையில் வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை. ஊரில் நேராக இருக்கும் கோடெல்லாம் தான் போட்டவை, கோணலாக இருப்பவை மற்றவர்கள் போட்டவை என்பது அவருடைய உறுதியான கருத்து. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு முழு சாக்பீஸ் இருக்கும். தூங்கும்போதும் இருக்கும். அதன் அருமை, அந்தச் சட்டைகளைத் துவைக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் அவருக்குப் பார்க்கின்சன் என்ற நோய் வந்தது. மூளையில் வரும் நோய் அது. கை நடுங்கியது. நடை குறுகியது. வேலையும் நின்றுபோனது. எல்லாவற்றையும்விட விசித்திரம் ஒன்று உண்டு. நன்றாக நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், யாரோ ஒரு வாளிப் பசையை ஊற்றியதுபோல!

அன்று காலையும் அப்படித்தான். கையில் காலி டம்ளருடன் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்ந்தது. பாதம் அசையவில்லை.

“நடைப் பயிற்சி நிலையத்துல அவ்வளவு நல்லா நடக்கிறே,” என்றாள் அம்மா. “வீட்டுக்கு வந்தா சிலையா நிக்கிறே. டம்ளர் கழுவச் சொல்லுவேன்னு பயமா? நடிக்காதேடா!”

“வேணும்னு பண்ணலக்கா,” என்றார் மாமா.

டமாரத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. காரணம் இருந்தது. மறுநாள் காலை மாமாவின் பழைய சூப்பர்வைசர் அவரைப் பெயின்ட் கிடங்குக்கு வரச் சொல்லியிருந்தார். வாசல் கேட்டிலிருந்து வேலை லாரி வரைக்கும், யார் கையையும் பிடிக்காமல் நடந்து காட்டினால் மறுபடி வேலை. இல்லாவிட்டால் இனி வீடுதான்.

அம்மா வேலைக்குப் போனதும், டமாரம்தான் மாமாவைப் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போனாள். வழியில் பெரிய ரோடு. சாதாரண நடைபாதையில் மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்ட மாமா, ஜீப்ரா கிராசிங்கில் கால் வைத்தாரோ இல்லையோ, ஜம்மென்று நடந்தார்! ஒரு வெள்ளைப் பட்டை, அடுத்த வெள்ளைப் பட்டை, அதற்கடுத்தது. எதிர்க்கரையில் ஏறிய பிறகுதான், டமாரம் இன்னும் இந்தக் கரையிலேயே வாயைப் பிளந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

“என்ன டமாரம், உன் காலும் ஒட்டிக்கிச்சா?”

பயிற்சி நிலையத்தில் மாமா முதலில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தார். பயிற்சி கொடுக்கும் அக்கா பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தார். “மூச்சு வாங்கணும். ஆனா பேச முடியணும். அதுதான் சரியான வேகம்.” பிறகு மாமா அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். ஒட்டவே இல்லை.

டமாரம் மாமாவின் பாதங்களைப் பார்த்தாள். பாதங்களுக்குக் கீழே தரையைப் பார்த்தாள். கறுப்பு ஓடு, வெள்ளை ஓடு, கறுப்பு ஓடு, வெள்ளை ஓடு.

“அக்கா! வீட்டுல, ரோட்டுல எல்லாம் மாமா கால் ஒட்டிக்கும். தெரியுமா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னது? ஆறு மாசமா இங்க ஒரு தடவைகூட ஒட்டலையே! ஏன் சார் சொல்லல?”

“இங்கதான் நல்லா நடக்கிறேனே, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்,” என்று மாமா தலையைச் சொறிந்தார்.

“தரையைப் பாருங்கக்கா,” என்றாள் டமாரம்.

அக்கா குனிந்து பார்த்தார். பட்டென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். “அடடா! இந்தத் தரை இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்கே! இவர் கால்ல பலம் இருக்கு. ‘நட’ன்னு மூளை அனுப்புற உத்தரவுதான் பாதியில நின்னுடுது. கண்ணு முன்னால தாண்டறதுக்கு ஒரு கோடு இருந்தா, மூளை வேற வழியில உத்தரவு அனுப்பிடும்.”

சாயங்காலம் டமாரம் இதை அம்மாவிடம் சொன்னாள். சும்மா சொல்லியிருந்தால் போதும். “அக்கா மயங்கி விழுந்துட்டாங்க! ஏழு பேர் தண்ணி தெளிச்சோம்!” என்று கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தாள். கெட்டது காரியம்.

“மாமாவும் மருமகளும் கூட்டுச் சேர்ந்தாச்சா?” என்றாள் அம்மா.

“இப்பவே காட்டறேன்!” என்று டமாரம் சாக்பீஸை எடுத்தாள்.

“துடைச்ச தரையில கோடு விழுந்துது, உன் காது ரெண்டும் என் கையில இருக்கும்!”

டமாரம் காதுகளைக் காப்பாற்றிக்கொண்டாள். “நாளைக்கு நீயே வந்து பாரும்மா. கிடங்குல தூரிகையைச் சரிபார்க்கக் கோடு போட்டுக் கோடு போட்டு, தரை பூரா கோடுதான். மாமா பறப்பார்!”

மறுநாள் காலை. சூப்பர்வைசர் கேட்டைத் திறந்தார். டமாரம் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தரையில் ஒரு கோடுகூட இல்லை!

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புதுத் தார். கன்னங்கரேலென்று, அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல்லைப் போல.

“எப்படி?” என்றார் சூப்பர்வைசர் பெருமையாக. “உன் கால் எதுலயும் தடுக்கக் கூடாதுன்னு, பசங்க லீவு நாள்லயும் வந்து எல்லாக் கோட்டையும் மூடிட்டாங்கப்பா!”

ஓரமாக நின்ற பத்துத் தொழிலாளிகளும் அன்பாகச் சிரித்தார்கள். அவ்வளவு அன்பைப் பார்த்து டமாரத்துக்கு அழுகையே வந்தது.

மாமா நடந்தார். ஒரு அடி. இரண்டு அடி. ஒட்டிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் போனது. மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. இருபதடிக்கு அப்பால் லாரி நின்றது.

அம்மா தன் தம்பியின் முகத்தையே பார்த்தாள். இந்த வேலைக்காக ஒரு வருஷமாக ஏங்கியவன், இங்கே, இப்போது, எதற்காக நடிக்கப் போகிறான்? அம்மாவின் கை தானாக வாயைப் பொத்தியது. “ஐயோ தம்பி…”

டமாரம் பாய்ந்தாள். மாமாவின் சட்டைப் பையில் கையை விட்டு சாக்பீஸை எடுத்தாள். மண்டி போட்டு, மாமாவின் பாதத்துக்கு முன்னால் சரக்கென்று ஒரு கோடு இழுத்தாள். ஒரு அடி தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. முயல்கூட அத்தனை வேகமாகத் தாவியிருக்காது.

“தாண்டுங்க மாமா!”

மாமா கோட்டைப் பார்த்தார். வலது கால் எழுந்தது. தாண்டியது! இடது கால் எழுந்தது. அதுவும் தாண்டியது!

பத்துத் தொழிலாளிகளின் வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார்.

“டமாரம்!” என்று மாமா நடந்துகொண்டே அதட்டினார். “மூணாவது கோடு கோணல்!”

“வேலை கிடைச்சதும் திட்டுங்க மாமா!”

“ஏழாவது அதைவிட மோசம்! கோடா அது? மண்புழு!”

திட்டிக்கொண்டே பத்து, பன்னிரண்டு, பதினைந்து. டமாரத்தின் முட்டியெல்லாம் தார்க் கறுப்பு. பதினெட்டாவது கோட்டில் சாக்பீஸ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. லாரிக்கு இன்னும் இரண்டடிதான். மாமாவின் கால் தயங்கியது.

அப்போது யாரோ தடதடவென்று ஓடி வந்தார்கள். அம்மா! தன் நீளக் குடையைத் தரையில் குறுக்காக வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றாள்.

“தாண்டுடா தம்பி.”

மாமா குடையைப் பார்த்தார். “இதுதான் நேரா இருக்கு,” என்றார். தாண்டினார். லாரியின் மேல் கையை வைத்தார்.

கைதட்டலில் கிடங்குத் தகரக் கூரை ஒரு முழம் மேலே போய் இறங்கியது என்று டமாரம் பிற்பாடு சொன்னாள். அது கிடக்கட்டும்.

“பெயின்ட் வாளி தூக்க ஆள் இருக்காங்க,” என்றார் சூப்பர்வைசர். “கோடு நேரா இருக்கா, கோணலா இருக்கான்னு பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்ல. இன்னைக்கே வந்துடறியா?”

மாமா வேகமாகத் தலையை ஆட்டினார். அதைப் பார்த்த லாரி ஓட்டுநர், தன் இருக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, மாமாவுக்கு விறைப்பாக ஒரு சலாம் போட்டார்.

டமாரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு தடவை, அவள் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் விசாரித்தார். “உங்க பொண்ணு தெருவெல்லாம் என்னென்னவோ சொல்லிட்டுத் திரியறா. எவ்வளவு நிஜம்?”

அம்மா சமையலறை வாசலில் குனிந்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“லாரி சலாம் போட்டது வரைக்கும் அத்தனையும் நிஜம்,” என்றாள். “நானே கண்ணால பார்த்தேன்.”