பதினோரு நாள் பிசகு

ஒரு பெயருக்கு அவள் சொன்ன விலை, ஒரு வருஷம்.

போன சித்திரைப் பௌர்ணமி. தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கோலா தெர்லா பூந்தோட்டத்திலிருந்து லோரி நிறையச் செவ்வந்தி கொண்டுவந்திருந்தான் மகேன். திடீர் மழை... அவன் தார்ப்பாய்க்கடியில் ஒதுங்கியவள், கட்டு விலை ஐந்து வெள்ளி என்றதை மூன்றுக்கு இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். இமையில் ஒரு துளி மழை. வியாபாரி அங்கேயே தோற்றுப்போனான்.

"பேரு என்னங்க?"

"அடுத்த திருவிழாவுக்கு வாங்க, சொல்றேன்."

அன்று மே பன்னிரண்டு; அடுத்த வருஷத்துக்கும் அதே தேதியைப் போனில் குறித்துக்கொண்டான். இடையில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போனான், லோரியை நிறுத்தவில்லை. பேசிய விலை பேசிய விலைதான்.

இந்த வருஷ மே பன்னிரண்டு. கோயில் தோரணம் காய்ந்து தொங்கியது. படியில் அவள், மடியில் டியூஷன் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள்.

"பூ யாருக்கு? திருவிழா முடிஞ்சு பதினோரு நாளாச்சு. சாமி ஊர்வலம் திரும்புற வரைக்கும் நான் மழையில..." சட்டென்று நிறுத்தினாள். எழுந்து நடந்தாள்.

"போன வருஷம் இதே தேதிதானே லா!"

"பௌர்ணமி என்ன, உங்க போனைப் பாத்துட்டா வருது?"

"சரிங்க... தேதியும் நிலாவும் எப்பத்தான் ஒண்ணா வரும்?"

கணக்கு டீச்சரின் கால் நின்றது. "பத்தொம்பது வருஷம்."

"ஐயோ! கொறைங்க."

"பதினொண்ணு. ஆனா நிலா ஒன்றரை நாள் முந்திக்கும்."

"இன்னும் கொஞ்சம்..."

"எட்டு. ஒன்றரை நாள் பிந்தும்." சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்தது. "எட்டும் பதினொண்ணும் கூட்டுனாத்தான் பத்தொம்பது. முந்துனதும் பிந்துனதும் கழிஞ்சிரும். அப்பவும் ரெண்டு மணி நேரம் இடிக்கும்."

"சுத்தமா சேரவே சேராதா?"

"சேராது. கிட்டக் கிட்ட வரும்... அவ்வளவுதான்."

மகேன் செவ்வந்தியை நீட்டினான். "நீங்க முந்திட்டீங்க, நான் பிந்திட்டேன். ரெண்டையும் கூட்டிப் பாப்போமா? உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. கிட்ட வந்தாலே போதும்."

தேயிலைச் சரிவில் சாரல் இறங்கியது. அவள் பூவை வாங்கிக்கொண்டாள்.

"புனிதா."

"நான் இன்னிக்கு வருவேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள் பூவைப் பார்த்து. "தினமும் வந்தேன்."

பெயர் கொடுத்தாயிற்று. அவள் காத்திருந்த பதினோரு சாயங்காலம், அவன் பக்கம் பாக்கி.