இரண்டாம் எண் மருந்து

மார்கழி.

திருமயிலையின் மாட வீதிகளில் பனி, நீறு பூசிய மேனியெனப் படர்ந்து கிடந்தது. கோபுரம் விடிந்த பின்னும் விழிக்க மனமின்றி வெண்புகைக்குள் முகம் புதைத்திருந்தது. வாசல்தோறும் கோலம், கோலத்தின் நடுவே பரங்கிப்பூ. பஜனையின் ஜால்ரா ஒலி குளக்கரையைச் சுற்றித் தேய்ந்தது.

ஆனால் அவ்வாண்டு, இறைவன் பெயரைச் சொல்ல வாய் திறந்தவர்க்கெல்லாம் முதலில் வந்தது இருமல்.

ஜலதோஷத்துக்கு மேல் எதையும் சாதித்தறியாத கொரோனா இனக் கிருமியொன்று முதியவர்களின் நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது.

தொலைபேசி அலறியது.

இன்ஸ்பெக்டர் வலியுல்லா எடுத்தார்.

"அமுதவல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் சாருலதா பேசறேன். என் வார்டுல ஒருத்தர் இறந்துட்டார்."

"ஆஸ்பத்திரின்னா அது சகஜந்தானே மேடம்?"

"இவர் இன்னிக்கு ஆத்துக்குப் போக வேண்டியவர் சார்..."

லஸ் முனைக்கு ஜீப் பறந்தது.

ஏழாம் கட்டில். ராயப்பேட்டைத் தையற்காரர் ஏகாம்பரம், பாதியில் அறுந்த பேச்சைப் போலக் கிடந்தார். வீட்டுக்கு உடுத்திப் போகக் கொண்டுவந்த சலவை வேட்டியை மடியில் வைத்தபடி, அழவும் மறந்திருந்தாள் மனைவி பேச்சியம்மாள்.

சாருலதா விளக்கினாள். அக்கிக்கென்று செய்யப்பட்ட மருந்து ஒன்றை இந்தக் கிருமியின் மேல் திருப்பிப் பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேருக்கு ரத்தக்குழாய் வழியே மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது அவளுக்கே தெரியாது. அறிந்தவர், பாட்டில்களுக்குப் பழைய தமிழ் எண்களில் குறியெழுதிய மருந்தகத் தலைவர் மாணிக்கவாசகம் ஒருவரே.

"அப்போ இவருக்கு ஏறினது இன்னா?"

பின்னாலிருந்து ஒரு குரல்.

"மருந்துதான் இன்ஸ்பெக்டர். அக்கிக்குக் குடுக்கறதை லங்ஸுக்குக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

டாக்டர் சாய்நாத்.

டில்லியில் வளர்ந்து சென்னையில் படித்தவன். சாருலதாவின் வகுப்புத் தோழன். கல்லூரியில் முதலிடம் அவளுக்கு, இரண்டாமிடம் இவனுக்கு. அன்று தொடங்கிய எரிச்சல். இவன் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டரம்மா வரலீங்களா?" என்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் அவனைக் கொஞ்சம் தின்றது. இப்போதோ, அவள் மருந்து பலிக்கிறதென்று ஊரே கிசுகிசுத்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்று அவளை அழைத்திருந்தது.

அழுக்காறு... அதற்கு எந்த மருந்தகத்திலும் பாட்டில் இல்லை.

வலியுல்லா கட்டிலருகே தொங்கிய பாட்டிலை நெருங்கிப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்தது. மிச்ச நீருடன் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் சாருலதா, சாய்நாத், மாணிக்கவாசகம் மூவரையும் சாருலதாவின் அறையில் கூட்டினார்.

"பாட்டில்ல பொட்டாசியம் கலந்துகீது. இதயத்தை ஒரே அமுக்கா அமுக்கற அளவு. கொலை."

"முருகா!" என்றார் மாணிக்கவாசகம். சாய்நாத் கைக்குட்டையை எடுத்தான்.

"டாக்டர் சாய்நாத். பெரியவருக்கு ஏறினது மருந்துன்னு நேத்து சொன்னீங்களே. யாருக்கு எதுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாதப்போ, ஒங்களுக்கு எப்பிடி?"

"பாட்டில்லயே எழுதியிருந்ததே. 'உ'. தமிழ்ல 'உ'ன்னா ரெண்டு. ரெண்டுதான் மருந்துன்னு இவர்தான் காபி குடிக்கறப்போ சொன்னார்."

மாணிக்கவாசகம் வெளிறிப்போனார். "வாய் தவறிச் சொல்லிட்டேங்க. ஆனா சத்தியமா இவர் ஒருத்தர்கிட்டதான்..."

வலியுல்லா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மேலே 'உ'. அதன் கீழே 'க'. அதன் கீழே சாதாரண எண்ணில் ஏழு.

"இதானே பாத்தீங்க? நடுவுல இருக்கற 'க' இன்னா டாக்டர்?"

"கட்டில். கட்டில் ஏழு."



"ஐயா," என்றார் மாணிக்கவாசகம். "அந்தக் 'க'தாங்க எண். ஒண்ணு. வெறும் உப்புத் தண்ணி. மேல இருக்கற 'உ' பிள்ளையார் சுழி. நான் அது போடாம எதையும் எழுதமாட்டேன். எல்லாப் பாட்டில் தலையிலும் அது இருக்கும்."

சாய்நாத் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ் வாத்தியார், சுழி போடாம பரீட்சை எழுதுனா காதைத் திருகுவாரு," என்றார் வலியுல்லா. "பாய் வூட்டுப் புள்ள நானும் போட்டுக்கினுதான் எழுதுனேன். இதை மருந்துப் பாட்டில்னு தப்பா நம்புனவன் நீ ஒருத்தன்தான். மருந்து கொன்னுச்சுன்னு காட்ட நினைச்சே. மருந்தே ஏறாத மனுசனைக் கொன்னுட்டே."

அதன்பின் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மரணம் போதும், அவள் பெயர் சரிந்துவிடும் என்று கணக்கிட்டதாக ஒப்புக்கொண்டான் சாய்நாத். ஏகாம்பரத்தின் மேல் பகையேதுமில்லை. அந்தப் பாட்டில்தான் கைக்கு எட்டியது என்றான்.

சாருலதா அவன் பக்கமிருந்து திரும்பினாள். பிறகு, ஆராய்ச்சியை இத்துடன் நிறுத்திவிடலாம், குறிகளை விடுவித்து இரு பாதியையும் ஒப்பிடுங்கள் என்று மாணிக்கவாசகத்திடம் சொன்னாள்.

அவர் ஒப்பிட்டார். மீண்டும் ஒப்பிட்டார்.

"டாக்டரம்மா... மருந்து ஏறினவங்களும் உப்புத் தண்ணி ஏறினவங்களும் ஒரே மாதிரிதான் தேறியிருக்காங்க. ஒரே மாதிரிதான் போயிருக்காங்க. மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்லீங்க."

விலங்கு பூட்டிய கைகள் மேசையைப் பற்றின.

"அப்போ... பொறாமைப்பட அதுல ஒண்ணுமே இல்லையா?" என்றான் சாய்நாத்.

"இல்லாத சொத்துக்குப் பங்காளிச் சண்டை போட்டுட்டே நைனா," என்றார் வலியுல்லா. "வண்டியில ஏறு."

தை பிறந்தது. பனி கரைந்தது. கருமாதியும் முடிந்தது.

கபாலீசுவரர் சந்நிதியில் சாருலதா நெய்விளக்கொன்றை ஏற்றினாள். ஏகாம்பரத்தின் பெயரை மட்டும் மெல்லச் சொன்னாள். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. அருகில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். மருந்து தோற்றதென்று மாநாட்டுக்கே எழுதி அனுப்பிவிட்டதைச் சாருலதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

பேச்சியம்மாள் அவள் முகத்தை இரு கைகளாலும் வழித்து, தன் நெற்றியோரம் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள்.

"அழகான புள்ளைக்குக் கன்னத்துல மை வெக்கிறோமில்ல தாயி... ஒனக்கு இந்தத் தோல்விதான் மை. இனிமே எந்தக் கண்ணும் படாது. நூறு வயசு நல்லாயிரு."