கடைசியாக வந்தவள்

சிந்தியா வீட்டுக்குள் வந்துவிட்டதாக அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. அவளோ காலையிலிருந்து காய்ச்சலோடு கட்டிலை விட்டு எழவே இல்லை.

போர்வைக்குள் விக்ஸ் வாடை. ஜன்னலுக்கு வெளியே மழை, அதோடு கலந்து நெல்லித்தோப்பு மாதா கோயிலின் சாயங்காலப் பூசைப் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கணவன் ரிச்சர்ட் அங்கேதான் போயிருந்தான்.

இருவருக்கும் தட்டாஞ்சாவடியில் ஒரே கம்பெனி. முகம் பார்த்துத் திறக்கும் பூட்டுக்கு அவன் புரோகிராம் எழுதுவான். அதில் எங்கே ஓட்டை என்று டெஸ்ட் போட்டுக் கண்டுபிடிப்பது அவள் வேலை. சோதித்துப் பார்க்க வாசல் கதவிலும் இந்தப் படுக்கையறைக் கதவிலும் அதே பூட்டைத்தான் மாட்டியிருந்தார்கள்; யார் உள்ளே வந்தாலும் போனுக்குச் செய்தி வரும். அறைக்குள்ளிருந்து வெளியே போகவும் முகம் காட்டியாக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கோளாறு. வீட்டுக்குள் வந்த சிந்தியா, வெளியே போகாமலே மறுபடியும் உள்ளே வந்ததாகப் பூட்டு பதிந்திருந்தது. உள்ளே இருக்கிறவள் எப்படி இன்னொரு முறை உள்ளே வருவாள்? அதற்கென்றே ஒரு டெஸ்ட் எழுதினாள். ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஃபெயில். இதைச் சரி பண்ணாமல் பூட்டு விற்பனைக்கு ரிலீஸ் ஆகக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

"மாதா மேல சத்தியமா சரி பண்ணிட்டேன் சிந்தி," என்றிருந்தான் ரிச்சர்ட்.

ஹாலில் யாரோ குடையை உதறினார்கள். இரண்டு தடவை. அப்புறம் செருப்பு, முதலில் இடது, கொஞ்சம் பொறுத்து வலது. வண்டிச் சாவி எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தது. ஈரத் தலைமுடியும் செம்பருத்தி எண்ணெயும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. குடையை அப்படி உதறுவது சிந்தியாவின் பழக்கம். அந்த எண்ணெயும் அவளுடையதுதான்.

போன் போட்டாள்.

"ரிச்சி, வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்க."

"யாரு?"

"நான்னு காட்டுது."

அவன் சிரித்திருக்க வேண்டும். உளறாதே என்று திட்டியாவது இருக்க வேண்டும். அவனோ குரலைத் தாழ்த்தினான்.

"நீ ரூம்ல தானே இருக்க? வெளிய வராத. வந்துட்டேன்."

லேப்டாப்பைத் திறந்தாள். அவள் எழுதிய டெஸ்ட் அப்படியே இருந்தது. ஆனால் ஓடாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ரிச்சர்டின் குறிப்பு: ரிலீஸுக்குத் தடை. அதற்குக் கீழே புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தான். ஒரே முகம் இரண்டு முறை வந்தால், கடைசியாக வந்தவரே வீட்டு ஆள். முன்னால் வந்தவர் வெளியாள்.

அடப்பாவி. சத்தியம் பண்ணினாயே.

செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸிலிருந்து வந்து தட்டை எடுத்தபோது, "இப்பதானே சாப்ட்ட?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினான். அன்றைக்கே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவளோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறான்.

கதவுக்கு ஓடி முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு.

வாசல் கதவு திறந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சா?" ரிச்சர்டின் குரல்.

"ம். கஞ்சி வைக்கட்டுமா?"

அவள் குரல். காய்ச்சலில்லாத அவள் குரல்.

"ரிச்சி! நான் இங்க இருக்கேன்டா! கதவத் தொற!" இரண்டு கையாலும் கதவில் அறைந்தாள்.

காலடி நெருங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு.

"கத்தாத சிந்தி. நாளைக்கு ரிலீஸ். இன்னிக்கு மட்டும் சத்தம் போடாம இரு."

"யாருடா அவ?"



"தெரியல. ஆனா அவ எதையும் தப்பு சொல்றதில்ல."

கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். நாலு வருஷம். அவன் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அவன் வேலையைக் காப்பாற்றியவள். கழுத்தை அறுத்துவிட்டான்.

போன் ஒளிர்ந்தது. வீட்டில் இருவர்: ரிச்சர்ட், சிந்தியா.

கன்னத்தைத் தரையில் அழுத்திக் கதவடியில் பார்த்தாள். ஹால் வெளிச்சம். ரிச்சர்டின் ஈரக் கால்கள்.

அவை விலகி வழிவிட்டன.

வேறு இரண்டு கால்கள் வந்து நின்றன. இடது காலில் மூன்று விரலுக்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சு. நேற்றுக் காய்ச்சல் ஏறியதால் சிந்தியா பாதியில் விட்ட அதே மூன்று விரல்கள்.

தன் காலைப் பார்த்தாள். நேற்று அவளே பூசிய மூன்று நகங்களும் வெறுமையாக இருந்தன.

தலைக்கு மேலே பூட்டு நகரும் சத்தம்.

பச்சை விளக்கு.